இருபத்தெட்டு வெள்ளைக் கோட்டுகள்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
14 ஜூலை 2025

அன்புள்ள வனஜா,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்தக் கல்லூரியைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குள்ளேயே கிடந்து அழுகிவிடும். உன்னிடம் சொல்கிறேன்.

அதற்கு முன் உன் இடுப்பு வலியைப் பற்றிக் கேட்க வேண்டும். நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்காராதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. உன் ஷூ கம்பெனியும் கேட்கப்போவதில்லை. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை குறைந்ததா? இங்கே உஷாவும் நானும் சௌக்கியம் என்று எழுதினால் உஷா சிரிப்பாள். உன் பெண் வித்யா மட்டும் உண்மையிலேயே சௌக்கியம். நேற்று சமையலறையில் ஒரு கரப்பான் பூச்சியைப் பிடித்து, அடிக்க வந்த உஷாவைத் தடுத்து, அதன் வாய் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டினாள். உஷா அன்று இரவு சாப்பிடவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன வருடம் நான் ஒரு சக ஆசிரியருக்குத் தனியாக அனுப்பிய வாட்ஸப் செய்தி அன்று சாயங்காலமே பிரின்சிபால் மேசைக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டுப் போனோ மாப்பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கிறது. நம் இருவருக்கும் காகிதம்தான் சரி.

பிரின்சிபால் ஓஸ்வால்ட் எனக்கு ஐந்து வருடம் ஜூனியர். நான் அல்சூர் ஏரி நத்தைகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியபோது அவர் கெமிஸ்ட்ரி லேபில் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தார். இன்று அவர் அறைக்குள் போக நான் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். இந்த மாதம் எங்கள் உயிரியல் லேபின் நடுவே பிளைவுட் தடுப்பு வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பி.சி.ஏ. பிள்ளைகளின் கம்ப்யூட்டர்களும் ஏசியும். இந்தப் பக்கம் நாங்கள். தவளை ஜாடியின் ஃபார்மலின் நாற்றம் ஏசிக்குள் வருகிறது என்று எங்கள் மேல் புகார் வேறு.

வித்யாவின் இரண்டாம் வருட வகுப்பில் அவளையும் சேர்த்து நாலே பேர். அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். முதல் வருடத்தில் இந்த முறை ஒருவரும் சேரவில்லை. பாடத்தை நடுவில் மூடிவிட்டால் இவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். "பார்க்கலாம் சந்தானம்" என்றார். மாப்பிள்ளை அவளை அனுப்பும்போது சொன்னது என் காதிலேயே இருக்கிறது: "மூணு வருஷம். அதுக்குள்ள டிகிரி வரலன்னா ஷூ கம்பெனிதான்." ஆம்பூரிலிருந்து அவளை இங்கே கூட்டிவந்தது நான்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அண்ணன் சந்தானம்


ஆம்பூர்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் படித்தேன். இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை குறையவில்லை, கோபம் குறைந்திருக்கிறது. அண்ணிக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

ஆடிப்பெருக்குக்கு வித்யா வந்துபோனாள். கோழி வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, மெதுவா வெட்டு, இதோ பாரு, இதுதான் கிஸர்ட், பல்லு இல்லாததால இதுல கல்லை வெச்சுதான் அரைக்கும்" என்று பாடம் நடத்தினாள். அவர் வாசலிலிருந்து, "அப்ப கொழம்பு நீ வைக்கப் போறதில்ல, கிளாஸ்தான் எடுப்ப" என்றார். ஆனால் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாயிற்று. எம்.எஸ்ஸி. வரைக்கும் போக வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணா, நீ யாரோடும் சண்டைக்குப் போகாதே. உனக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பாடம் மூடாமல் மட்டும் பார்த்துக்கொள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அன்புடன்
வனஜா


ஜீவனஹள்ளி
21 செப்டம்பர் 2025

அன்புள்ள வனஜா,

உஷாவின் கால் பரவாயில்லை. உன் கடிதத்தில் கோழி வெட்டியதைப் படித்து அவளும் சிரித்தாள்.

பாடத்தை இப்போதைக்கு மூடமாட்டார்கள். எங்கள் மேல் பாசம் வந்துவிடவில்லை. உயிரியல் இருந்தால்தான் கல்லூரிக்கு நல்ல கிரேடு கிடைக்கும். கிரேடு இருந்தால்தான் பி.சி.ஏ.வுக்கு இன்னும் ஒரு வகுப்பு வாங்கலாம். ஜனவரியில் பல்கலைக்கழகத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருகிறது. அவர்கள் வரும்போது உயிரியல் வகுப்பில் இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் இதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? பி.காம். பையன்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி லேபில் நிறுத்தினார்கள். மைக்ராஸ்கோப்பும் பாதி ஜாடிகளும் வேறொரு கல்லூரியிலிருந்து ஆட்டோவில் இரவல் வந்தன. ஒரு பையன் மைக்ராஸ்கோப்பைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கமிட்டிக்காரர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர்களுக்கும் தெரியும். அவர்கள் கல்லூரியிலும் இதேதான். முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகளைத்தான் கேள்வி கேட்பார்கள், பின்வரிசைப் பக்கம் திரும்பமாட்டார்கள். அது ஒரு மரியாதை.

இந்த முறை அந்தப் பொறுப்பை ஓஸ்வால்ட் என்னிடம் கொடுத்திருக்கிறார். "உங்க டிபார்ட்மெண்ட், உங்க ஸ்டூடண்ட்ஸ், நீங்கதான் காப்பாத்தணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஹெச்.ஓ.டி. பதவியை எனக்குத் தராமல் பாட்டனிக்காரிக்குக் கொடுத்த அன்றும் இதே சிரிப்புத்தான்.

முடியாது என்று சொல்லலாம். சொன்னால் வித்யாவின் வகுப்பு போகும். சரி என்றுவிட்டேன்.

அன்பு அண்ணன்
சந்தானம்


ஆம்பூர்
16 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

தீபாவளிக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். கம்பெனியில் ஓவர்டைம். ஊசி விரலில் இறங்கிவிட்டது. இப்போது ஆறிவிட்டது, பயப்படாதே. அண்ணியிடம் சொல்ல வேண்டாம்.

பி.காம். பையன்கள் கோட்டுப் போடுவதை வித்யா போனில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு வேறு வழியில்லை என்று புரிகிறது. அவளை மட்டும் அதில் பொய் சொல்ல வைக்காதே. அவளுக்கு அது வராது. சின்ன வயசிலிருந்தே வராது, உனக்குத் தெரியுமே.

வனஜா


ஜீவனஹள்ளி
18 ஜனவரி 2026

அன்புள்ள வனஜா,

விரல் ஆறியது என்று நீ எழுதியதை நம்புகிறேன். பொங்கல் உங்கள் வீட்டில் எப்படிப் பொங்கியதோ, இங்கே யாருக்கும் அது இறங்கவில்லை. பன்னிரண்டாம் தேதி இன்ஸ்பெக்‌ஷன். நடந்ததை வித்யா சொல்லியிருப்பாள். முழுக்கச் சொல்லியிருக்கமாட்டாள்.

காலையில் எங்கள் அட்டெண்டர் முனிகிருஷ்ணன் ஒரு நர்சிங் கல்லூரியிலிருந்து மூட்டையாகக் கோட்டுகளைக் கொண்டுவந்தார். "எல்லாம் ஆயித்து சார், இருபத்தெட்டு. ரெண்டுல மட்டும் பேரு தைச்சிருக்கு, பின்னாடி நிக்கவெச்சுடுங்க." பி.காம். பையன்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். என்ன கேட்டாலும் "டிரான்ஸ்வர்ஸ் செக்‌ஷன் சார்" என்று சொல்லுங்கள், குறுக்குவெட்டுதானே, பாதி இடத்தில் சரியாக இருக்கும் என்றேன். ஒருவன், "சார், இதுக்கு அட்டெண்டன்ஸ் உண்டா?" என்றான். இன்னொருவன், "டேய், டாக்டர் மாதிரி இருக்கேன்டா, ஒரு போட்டோ எடு" என்றான். கோட்டுப் போட்டதும் அவர்கள் நடையே மாறிவிட்டது.

எங்கள் நாலு பேரையும் முன்வரிசையில் நிறுத்தினேன். வித்யாவை நட்ட நடுவில். நன்றாகப் பதில் சொல்கிற பிள்ளையை முன்னால் நிறுத்துவதுதான் வழக்கம். மற்ற மூன்று பேரிடமும், எண்ணிக்கை கேட்டால் இருபத்தெட்டு என்று சொல்லச் சொல்லியிருந்தேன். வித்யாவிடம் மட்டும் சொல்லவில்லை. நீ எழுதியிருந்தாய்.

கமிட்டியில் வந்தவர்களில் ஒரு பெரியவர் ஜுவாலஜி பேராசிரியர். வித்யாவிடம் ஒரு ஸ்லைடைக் காட்டினார். கல்லீரல் புழு என்றாள். அதோடு விட்டிருக்கலாம். அது நத்தைக்குள் எப்படிப் போகிறது, நத்தையிலிருந்து ஆட்டுக்குள் எப்படி வருகிறது என்று, கேட்காமலேயே சொன்னாள். பெரியவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வனஜா, எனக்கும்தான். அத்தனை வருடத்தில் அந்த லேபில் நான் அப்படி நின்றதில்லை. பின்னால் நின்ற பையன்கள்கூட வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"யாரும்மா சொல்லிக்கொடுத்தாங்க?"

"எங்க சந்தானம் சார்."

"கிளாஸ்ல எத்தனை பேர் இப்படிப் படிக்கிறீங்க?" சும்மா சந்தோஷத்தில்தான் கேட்டார்.

"கிளாஸ்லயே நாலு பேர்தான் சார்."

ஓஸ்வால்ட் பாய்ந்து வந்தார். "லேப் பேட்ச் சார். நாலு நாலாப் பிரிச்சிருக்கோம். இண்டிவிஜுவல் அட்டென்ஷன்." பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு நகரத்தான் பார்த்தார். அவருக்கும் அது போதும். ஆனால் வித்யா விளக்கிவிட்டாள். தவறாகப் புரிந்துகொண்டுவிட்டாரே என்று அவளுக்கு. "இல்ல சார், மொத்தமே நாலு பேர்தான். இவங்கல்லாம் பி.காம்."

பின்னால் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கல்லீரல் புழுவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு எல்லாரும் பிரியாணி சாப்பிட்டார்கள். அது குறையில்லாமல் நடந்தது.

சந்தானம்


ஆம்பூர்
29 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் உட்கார்ந்து படித்தேன். "எங்க சந்தானம் சார்" என்று அவள் சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்தவளுக்கும் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம் வந்ததைக் காட்டவில்லை.

அவள் சொன்னது தப்பில்லையே அண்ணா? கேட்டதற்குத்தானே சொன்னாள்? வீட்டில் அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இனி என்ன ஆகும் என்று உடனே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

வனஜா


ஜீவனஹள்ளி
5 மார்ச் 2026

அன்புள்ள வனஜா,

உடனே எழுதச் சொன்னாய். நல்லதாக ஏதாவது எழுதலாம் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை.

உயிரியல் பாடத்துக்கு அனுமதி போய்விட்டது. வரும் வருடத்திலிருந்து கிடையாது. நாலு பேரையும் வேறு கல்லூரியில் மூன்றாம் வருடத்துக்கு மாற்றலாம் என்று பல்கலைக்கழகமே சொல்லியிருக்கிறது. அதற்குக் கல்லூரி மாதக் கடைசிக்குள் அவர்கள் பெயரை எழுதி அனுப்ப வேண்டும், சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓஸ்வால்ட் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை சீட்டு எழுதி அனுப்பத் தேவை இருக்கவில்லை.

"உங்க அக்கா பொண்ணுதானே?"

"தங்கச்சி பொண்ணு."

"சரி, தங்கச்சி பொண்ணு. மேனேஜ்மெண்ட் அப்பீல் போகுது சந்தானம். பொண்ணு ஒரு லைன் எழுதிக் குடுத்துட்டா போதும், பதட்டத்துல தப்பாச் சொல்லிட்டேன்னு. மறுநாளே நாலு பேர் டிரான்ஸ்ஃபரும் அனுப்பிடறேன். இல்லேன்னா ஃபைல் என் டேபிள்லயே இருக்கும். நீங்களே சொல்லுங்க, நான் என்ன கெட்டவனா?"

வீட்டுக்கு வந்து வித்யாவிடம் சொன்னேன். எழுதிக் கொடுத்துடும்மா, ஒரு வரிதான் என்றேன்.

"என்னன்னு மாமா?"

"பதட்டத்துல தப்பாச் சொல்லிட்டேன்னு."

"நான் பதட்டப்படலையே மாமா."

நான் கத்தினேன். அவள் அழவில்லை. உஷா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "அவளை ஏன் எழுதச் சொல்றீங்க? இருபத்தெட்டு பேருக்கும் கோட்டு மாட்டினது நாந்தான்னு நீங்க எழுதி யூனிவர்சிட்டிக்கு அனுப்புங்களேன். நாலு பேரையும் அவங்களே மாத்திவிடுவாங்க" என்றாள்.

சுலபமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஐம்பத்து மூன்று வயதில் நத்தை தெரிந்தவனை எவன் கூப்பிடுவான்? மற்ற மூன்று பேரும் போராடவே இல்லை. வரும் வருடம் பி.சி.ஏ. முதல் வருடத்தில் சேர இப்போதே பெயர் கொடுத்து, பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

நீயாவது வித்யாவிடம் பேசு. நீ சொன்னால் கேட்பாள். மாதக் கடைசிக்குள் பேசு.

சந்தானம்


ஜீவனஹள்ளி
6 ஏப்ரல் 2026

வனஜா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா என்று வித்யாவிடம் கேட்டேன். கிடைத்தது என்றாள். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன். "சாப்பிட்டியான்னு கேட்டா" என்றாள். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றாள்.

கெடு முடிந்துவிட்டது. நாலாவது செமஸ்டர் பரீட்சைக்குக்கூட உட்காரப் பிடிக்கவில்லை என்றாள். நேற்றுக் காலை அவளைக் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டேன். இந்நேரம் உங்கள் வீட்டில் இருப்பாள். உஷா ஸ்டேஷனுக்கு வரவில்லை; என்னோடு பேசுவதையும் நிறுத்தியிருக்கிறாள். ரயில் கிளம்பும்வரை வித்யா, "மாமா, மாத்திரை போட்டீங்களா, போட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் மேல் கோபமாக இரு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பல்கலைக்கழகத்துக்கு ஒரு மனு எழுதிவிட்டேன். கோட்டு, இரவல் ஜாடி, ஓஸ்வால்ட் கேட்ட அந்த ஒரு வரி எல்லாம் அதில் இருக்கிறது. இருபது வருடக் கசப்பையும் முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். வித்யாவைச் சிறப்பு அனுமதியில் மூன்றாம் வருடத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளை என்ன சொல்கிறார்?

அண்ணன்


ஆம்பூர்
26 ஏப்ரல் 2026

அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

வித்யா போன திங்கட்கிழமையிலிருந்து கம்பெனிக்கு வருகிறாள். என் வரிசையிலேயே, எனக்கு இரண்டு மெஷின் தள்ளி. அவர் கட்டாயப்படுத்தவில்லை. அவளே டிபன் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கை நடுங்காமல் நேராகத் தைக்கிறாள் என்று சூப்பர்வைசர் சொன்னார். தவளை அறுத்த கை.

எழுதிக் கொடு என்று நான் ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று நீ நினைத்திருப்பாய். போனை எடுத்தேன். சொல்ல வரவில்லை. பன்னிரண்டாவதில் உயிரியலில் நான்தான் பள்ளியிலேயே முதல் என்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை. அப்பாவால் ஒருத்தரைத்தான் படிக்கவைக்க முடியும் என்றபோது அண்ணன் போகட்டும் என்று நான்தான் சொன்னேன். அதையும் சொன்னதில்லை. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எழுத ஆரம்பித்ததும் கை அதையே எழுதுகிறது.

மனுவில் அவள் பெயரைப் போடாதே. உன் கையெழுத்தையும் போடாதே. சான்றிதழெல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. உன் பெயரைப் பார்த்தால் உன் பிரின்சிபால் அவளைத்தான் பிடிப்பார். என்றைக்காவது அதைக் கொடுத்துவிட்டால், எங்காவது முதல் வருடத்திலிருந்தாவது சேர்க்கலாம். அவள் அப்பா சம்மதிக்கமாட்டார். ஆனாலும் காகிதம் கையில் இருக்கட்டும்.

வனஜா


ஜீவனஹள்ளி
17 மே 2026

அன்புள்ள வனஜா,

உடம்பு எப்படி என்று கேட்க இந்த முறை கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். உன் இடுப்பையும் கேட்கிறேன், அவள் இடுப்பையும் கேட்கிறேன்.

லேபைக் காலி செய்தாயிற்று. ஜாடிகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்றேன். ஃபார்மலின் ஆபத்து என்று ஒரு லாரிக்காரன் அள்ளிக்கொண்டு போனான். என்னை அனுப்பவில்லை. பி.சி.ஏ. பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், வாரத்துக்கு இரண்டு மணி. வித்யாவோடு படித்த மூன்று பேரும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைப் பார்ப்பதில்லை. ஓஸ்வால்ட் என்னை வழியில் பார்த்து, "எல்லாம் செட்டில் ஆயிடுச்சில்ல?" என்றார். ஆயிடுச்சு சார் என்றேன். அவரை முதன்முறையாக சார் என்றேன்.

சான்றிதழை மூன்று முறை கேட்டுவிட்டேன். அப்பீல் முடியட்டும் என்கிறார்.

அப்பா அன்று யாரைப் படிக்கவைப்பது என்று கேட்டபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

மனு மேசைமேல் இருக்கிறது. வித்யாவின் பெயரை எடுத்துவிட்டேன். அவள் பெயரை எடுத்த பிறகு அது யாருக்காக எழுதியது என்றே தெரியாமல் போய்விட்டது. ஒரு கல்லூரியில் கோட்டு மாட்டினார்கள் என்ற தகவல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது அங்கிருக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கையெழுத்து இல்லாத மனுவை விசாரணைக்கு எடுப்பதில்லை என்று பல்கலைக்கழகத்தில் வேலை செய்த ஒருவர் முன்பே சொல்லியிருக்கிறார். உறையைப் பிரித்து, அடியில் பார்த்து, பெயர் இல்லையென்றால் ஓரமாகப் போட்டுவிடுவார்களாம். பெயர் போட்டால் படிப்பார்கள். படித்தால் ஓஸ்வால்டுக்குத் தெரியும். தெரிந்தால் வித்யாவின் காகிதம் அவர் அலமாரியிலேயே மக்கும், நானும் வெளியே நிற்பேன். இதில் எந்தக் காரணத்துக்காகப் பேனாவை மூடிவைத்தேன் என்று நீ கேட்டால், நீ சொன்னதற்காக என்று சொல்வேன். உஷா கேட்டால் அவளிடம் அதைச் சொல்ல முடியாது.

மனுவை நாலு முறை படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. இங்கிலீஷுக்குப் பதில் தமிழில் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும். மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அதை யாரும் படிக்கப்போவதில்லை. நாளை காலை கல்லூரிக்குப் போகும் வழியில், கையெழுத்துப் போடாமலேயே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.